போபாலில் எரிந்தது 337 டன், தண்ணீர் எங்கே?

2025 ஜூன் 30 இரவோடு போபால் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுக் கழிவை எரித்து முடித்துவிட்டார்கள். அந்த வருஷம் ஜனவரியில் 12 கண்டெய்னர் லாரிகளில் ஏற்றி, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குக் கொண்டுபோன கழிவு. அங்கே ஊரே எதிர்த்தது, இரண்டு பேர் தீக்குளிக்கவே முயன்றார்கள். கடைசியில் எரித்தாகிவிட்டது. நாற்பது வருஷச் சுமை இறங்கிவிட்டது என்கிற தொனியில்தான் நான் படித்த செய்திகளில் பாதிக்கு மேல் இருந்தன. அந்தத் தொனியோடுதான் எனக்குச் சண்டை.

அந்த 337 டன்னில் என்ன இருந்தது என்று பாருங்க. வளாகத்தில் தரைமேல் கிடந்ததை 2005-இல் அள்ளிக் கொட்டகையில் பூட்டி வைத்தார்கள். 162 டன் மண், 92 டன் செவின், நாஃப்தால் மிச்சங்கள், 54 டன் பாதி தயாரான பூச்சிக்கொல்லி, 29 டன் ரியாக்டர் கசடு. கிட்டத்தட்ட பாதி வெறும் மண்! 2010-இல் நாக்பூரின் நீரியும் ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் கொடுத்த அறிக்கையில் மாசுபட்ட மண்ணின் மதிப்பீடு சுமார் 11 லட்சம் டன். வகுத்துப் பார்த்தால் எரித்தது 0.03 சதவீதம். எரித்த பிறகு சாம்பலும் மிச்சமும் சேர்ந்து 800 டன்னுக்கு மேல் வந்தது தனிக்கதை.

கழிவை எரித்ததே வீண் என்று சொல்ல வரல. கொட்டகையில் இருபது வருஷம் கிடந்த விஷத்தை அப்புறப்படுத்தியது நல்லதுதான். ஆனால் லாரியில் ஏற்ற முடிந்ததை மட்டும் எண்ணிவிட்டு அதற்கு 'சுத்திகரிப்பு' என்று பெயர் வைப்பது சரியில்லை.

இங்கே நிறைய பேருக்கு ஒரு குழப்பம் உண்டு. 1984 டிசம்பரில் ஊரைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட்தான் நிலத்தடி நீரையும் கெடுத்தது என்று நினைக்கிறோம். இல்லை. அது தண்ணீரைக் கண்டால் வினைபுரிந்து வேறு பொருளாகிவிடும், வருஷக்கணக்கில் நீரில் தங்காது. கிணறுகளில் இருப்பது தொழிற்சாலை தினசரி புழங்கிய கரைப்பான்களும் கழிவுகளும்: கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் வகையறா. பருத்திப் பூச்சிக்கும் காய்கறிப் பூச்சிக்கும் மருந்து தயாரித்த ஆலை, தன் கழிவுநீரை 1977-இலிருந்து வடக்கே வெட்டிய ஆவியாக்கும் குளங்களுக்கு அனுப்பியது. அந்தக் குளம் கசிகிறது என்பது 1982-இலேயே நிறுவனத்துக்குள் தெரியும். வாயுவே கசியாமல் இருந்திருந்தாலும் இந்தக் கிணறுகள் கெட்டிருக்கும்.

என் பெரிய குறை ஆய்வுகள்மேல்தான். 1997-இல் நீரி அங்கே ஒரு ஆய்வு செய்தது. மேலே களிமண் கெட்டியாக இருக்கிறது, விஷம் அதைத் தாண்டி நிலத்தடி நீரைத் தொட 23 வருஷம் ஆகும், அதனால் தண்ணீருக்குக் கேடில்லை என்பது அதன் வாதம். கார்பைடு தரப்பின் ஆலோசகரான ஆர்தர் டி. லிட்டில் நிறுவனமே இதை ஏற்கவில்லை. மோசமான நிலையில் இரண்டே வருஷத்தில் இறங்கிவிடலாம் என்றது. யோசிச்சுப் பாருங்க, சொந்த ஆலோசகரே 'ரொம்ப நம்பாதீங்க' என்கிறார்! 1999-இல் கிரீன்பீஸ் எடுத்த மாதிரிகளில் ஒரு குடிநீர்க் குழாயில் கார்பன் டெட்ராகுளோரைடு லிட்டருக்கு 3,410 மைக்ரோகிராம். அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு 5.

அந்தப் பொருளின் குணம் தெரிந்தால் களிமண் வாதம் ஏன் பலவீனம் என்று புரியும். அது தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். எண்ணெய் மாதிரி மிதக்காமல் கீழே இறங்கும். களிமண்ணில் வெடிப்போ வேர்த்துளையோ பழைய போர்க்குழியோ இருந்தால் அதுவே வழி. கரிசல் மண் கோடையில் எப்படி வெடிக்கும் என்று நமக்குச் சொல்லித்தரணுமா? கீழே போனதும் பாறை இடுக்கில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் கார்பன் டெட்ராகுளோரைடு, கணக்குப்படி, சுமார் 30 கோடி லிட்டர் தண்ணீரை அந்த 5 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். தண்ணீரை இறைத்துச் சுத்தம் பண்ணினால், இறைக்கும்வரை அளவு குறையும், நிறுத்தினால் மறுபடி ஏறும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்களில் பல பத்தாண்டுகளாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால் இங்கே புலனாய்வு என்பது நாலு கைப்பம்பில் கேனைப் பிடிப்பது அல்ல. கைப்பம்பு எந்த ஆழத்து நீரைக் கொடுக்கிறது என்று தெரியாது. ஆவியாகும் பொருள் கேனில் ஊற்றும்போதே பாதி பறந்துவிடும். காற்று இடைவெளி இல்லாமல் மூடிய கண்ணாடிக் குப்பி வேணும். ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழத்துக்குத் தனித்தனிக் கண்காணிப்புக் கிணறுகள் வேணும். மழைக்கு முன்னும் பின்னும், வருஷம் தவறாமல் எடுக்கணும். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு நிறுவனம் வந்து, ஆளுக்கொரு கிணற்றில் எடுத்து, ஆளுக்கொரு முடிவு சொன்னதுதான் நடந்தது. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடவே முடியாது. 2010 அறிக்கையும் சில கிணறுகள் கெட்டிருப்பதாகத்தான் பார்த்தது. 2018 வாக்கில் லக்னோவின் இந்திய நச்சியல் ஆய்வு நிறுவனம் சோதித்தபோது பட்டியலில் 42 குடியிருப்புகள் வந்துவிட்டன.

2004-இலேயே உச்ச நீதிமன்றம் சுற்றுப்புற மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னது. அது அவசியமான உத்தரவு. ஆனால் குழாய் வந்ததும் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்பதே நின்றுபோனது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அங்கே கைப்பம்பை அடிக்கத்தான் செய்வார்கள்.

அடுத்த டெண்டர் வரும்போது எத்தனை டன் என்று கேட்காதீங்க. எத்தனை கண்காணிப்புக் கிணறு, எந்தெந்த ஆழம், அளவீடுகள் எந்த மொழியில் எங்கே வெளியாகும், அந்த 42 குடியிருப்பில் யார் கையில் அந்தத் தாள் போய்ச் சேரும் என்று கேளுங்க.