சம்மட்டியின் தாயம்: ஜேன் பாஸ்டர் கதையில் தகுதி என்னும் கருத்து

படக்கதை இதழ்கள் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியனவோ என்னும் வினாவை ஈண்டு விரிக்க விரும்பவில்லை. பழந்தொன்மம் ஒன்று காலந்தோறும் எவ்வாறு உருத் திரிகின்றது எனக் காண்பார்க்கு, அத்திரிபு நிகழும் ஏடு மலிவான தாளில் அச்சிடப்பட்டது என்பது ஒரு தடையாகாது. வடபுலத்து இடிக்கடவுளாகிய தோரின் ஆற்றலை மானிடப் பெண்ணொருத்தி தாயமாகப் பெற்ற கதையை ஆராய்வதே எம் நோக்கம். ஜேசன் ஆரன் எழுத, ரசல் டாட்டர்மன் பெரும்பகுதியும் வரைய, 2014 முதல் 2018 வரை மார்வெல் நிறுவனத்தார் வெளியிட்ட கதை அது.

முதற்கண் மூலத்தைக் காண்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து நாட்டு அறிஞர் ஸ்நோரி ஸ்டர்லூசன் தொகுத்த எட்டா நூலில், தோரின் சம்மட்டியாகிய மியோல்னிர் குறளர் வார்த்த படைக்கலம். வார்க்குங்கால் லோகி ஈயுருக் கொண்டு கடித்தமையின் அதன் பிடி குறுகிற்று. அதனை ஏந்தத் தோருக்கு இரும்புக் கையுறைகள் வேண்டியிருந்தன. வலிமையை இரட்டிக்கும் அரைக்கச்சும் அவனுக்கு உண்டு. அஃதாவது, வேண்டப்பட்டது உடல்வலியேயன்றி உள்ளத்தின் தகுதியன்று. திரிம் என்னும் அரக்கன் அதனைக் களவாடி மண்ணுள் ஆழப் புதைத்து வைத்தான் எனப் பழம்பாடல் ஒன்று கூறும். தகுதியற்றார் கைப்படாத கருவியாயின் அக்களவு நிகழ்ந்திராது. தோர் மணமகள் கோலம் பூண்டு அதனை மீட்கச் செல்லும் நகைச்சுவையும் நமக்குக் கிட்டியிராது. உலகின் ஊழிமுடிவிற்குப் பின்னர்ச் சம்மட்டி யாருக்கு? தோரின் மக்களாகிய மோடிக்கும் மாக்னிக்கும் என மூலம் ஐயமின்றி மொழிகின்றது. அது குருதிவழித் தாயம்.

தகுதி என்னும் நிபந்தனை, எனவே, தொன்மத்திற்கு உரியதன்று, படக்கதையின் புதுப்படைப்பு. 1962 ஆகஸ்டு நாளிட்ட ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83ஆம் இதழில், ஸ்டான் லீ, அவர் தம்பி லாரி லீபர், ஓவியர் ஜாக் கிர்பி ஆகியோர் அதனைப் புகுத்தினர். கால் ஊனமுற்ற மருத்துவன் டொனால்டு பிளேக் நார்வே நாட்டுக் குகையொன்றில் ஒரு கோலைக் காண்கின்றான், பாறையில் அதனை அறைந்தவுடன் கோல் சம்மட்டியாகின்றது, அவன் தோராகின்றான். ஏந்துபவன் தகுதியுடையவனாயின் தோரின் ஆற்றல் அவனைச் சேரும் என்பது சம்மட்டியில் பொறித்த எழுத்தின் கருத்து. இவ்வொரு தொடரால் தாயம் பிறப்பினின்றும் பிரிக்கப்பட்டது. கடவுளின் உரிமை எவர்க்கும் திறந்த வாயிலாயிற்று.

ஆயினும் வாயிலைத் திறந்தவர்களே அதனை அடைக்கவும் முயன்றனர். 1968ஆம் ஆண்டு ‘தோர்’ 159ஆம் இதழில், பிளேக் என்றொரு மானிடன் உண்மையில் இலன் என்றும், செருக்குற்ற மகனுக்குப் பணிவு கற்பிக்க ஓடின் புனைந்த உருவே அவன் என்றும் கதை திருத்தப்பட்டது. அந்நிலையில் தகுதி பெற்ற மானிடன் எங்கே? மகன் தன் பொருளையே மீளப் பெற்றான் என்றன்றோ ஆகும்! 1983இல் வால்ட்டர் சைமன்சன், பீட்டா ரே பில் என்னும் வேற்றுலகத்தானின் கையில் சம்மட்டியைச் சேர்த்தார். குதிரை முகம் ஒத்த அவ்வீரன் தகுதியுடையான் என்பதை எழுத்தே ஒப்புக்கொண்டது. அவனுக்கென ஓடின் வேறொரு சம்மட்டி செய்வித்தான், தாயப்பூசல் தீர்ந்தது. கதை என்ற அளவில் அது மிக அழகியது. எனினும், இருவருக்கும் ஒன்றே எனின் எவர்க்கு உரியது என்னும் வன்மையான வினா அங்கு விடைபெறாமல் ஒதுக்கப்பட்டது என்பதே எம் கருத்து.

ஜேன் பாஸ்டரின் வரலாறு இன்னும் நுணுகி நோக்கற்பாலது. பிளேக்கின் மருத்துவமனைச் செவிலியாக 1962இலேயே அறிமுகமானவள் அவள். 1967ஆம் ஆண்டுத் தொடக்கத்து ‘தோர்’ 136ஆம் இதழில், தோரின் காதலியாகிய அவளுக்கு ஓடின் இறவாமையை அளித்துச் சோதிக்கின்றான். கொடிய உயிரொன்றின் முன் அவள் அஞ்சி நடுங்குகின்றாள். உடனே அளித்த ஆற்றலைப் பறித்து, நினைவையும் மாற்றி, மண்ணுலகிற்கு மீள அனுப்பிவிடுகின்றான். அதே இதழில் சிஃப் என்னும் தேவமகள் தோர்முன் தோன்றுகின்றாள். அச்சத்தைத் தகுதியின்மை எனக் கொண்ட அத்தீர்ப்பை அன்று கதை கேள்வி கேட்கவில்லை. 1978இல் ‘வாட் இஃப்’ என்னும் கற்பனைத் தொடரின் 10ஆம் இதழ், சம்மட்டியை ஜேனே கண்டெடுத்திருந்தால் என்னாகும் என வினவியது. ஆங்கும் முடிவில் அவள் அதனை உரியவனிடம் ஒப்படைத்தல் வேண்டியிருந்தது. ஒப்படைத்தவளுக்கு ஓடினே கணவனாகின்றான் என்பதைப் படிப்போர் நகைப்பரோ வருந்துவரோ அறியோம்.

இப்பின்னணியோடு 2014ஆம் ஆண்டுக் கதையைப் படித்தல் வேண்டும். நிக் பியூரி செவியில் ஓதிய ஒரு சொல்லால் தோர் தகுதியிழக்கின்றான். சம்மட்டி நிலவின் நிலத்தில் அசைவின்றிக் கிடக்கின்றது. பெண்ணொருத்தி அதனை எடுக்கின்றாள். எடுத்தவுடன், பொறித்த எழுத்தில் ஆண்பாற் சுட்டு மறைந்து பெண்பாற் சுட்டு தோன்றுகின்றது.

இங்குத் தமிழாசிரியர் சற்று நிற்றல் தகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் மாற்றமே நிகழ்வு முழுதும் ஆகின்றது. அம்மொழியில் ஆண்பாற் சுட்டு நெடுங்காலம் இருபாற்கும் பொதுவென வழங்கியது. அப்பொதுமை மெய்ப்பொதுமையன்று என்பதை ஓவியம் ஒரு கட்டத்துள் காட்டிவிடுகின்றது. இதனைத் தமிழில் பெயர்ப்பார் ‘தகுதியுடையார்’ என எழுதின், பலர்பால் ஈறு ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தழுவிக்கொள்ளும். மாறுதற்கு ஒன்றும் இராது. ‘தகுதியுடையவன்’ எனத் தொடங்கினால்தான் ‘தகுதியுடையவள்’ என்னும் மாற்றம் பொருள்படும். நம் மொழியின் உயர்வுப்பன்மை இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு உதவியன்று, இடையூறு. நிகழ்வைக் காக்க வேண்டின் நல்ல தமிழை விடுத்து ஒருமையைத் தேர்தல் வேண்டும்.

எடுத்தவள் யார் என்பது எட்டு இதழ்கள் வரை மறைக்கப்பட்டு, 2015இல் வெளிப்படுகின்றது. மருத்துவராகிய ஜேன், மார்பகப் புற்றுநோயால் நலிந்தவள். தேவருலகின் மந்திர மருத்துவத்தை மறுத்து, மானிட மருத்துவத்தையே ஏற்றவள். சம்மட்டியை ஏந்துந்தோறும் அவள் உடல் நஞ்சனைத்தையும் கழிக்கின்றது; புற்றைக் கொல்லச் செலுத்திய மருந்தும் நஞ்சே ஆதலின் அதுவும் கழிகின்றது. புற்றோ அவளுடைய அணுக்களாலேயே ஆயது, அது நிற்கின்றது. எனவே ஒவ்வொரு முறை தேவியாகி மீளும்போதும் அவள் சாவிற்கு அணுக்கமாகின்றாள்.

கதையின் உயிர்நிலை இதுவே என்போம். பிளேக்கின் ஊனம் உருமாற்றத்தில் நீங்கியது. ஜேனின் நோய் உருமாற்றத்தால் முற்றுகின்றது. முன்னோர்க்குத் தகுதி பரிசு பெற்றுத் தந்தது. இவளுக்கோ தகுதி, மீண்டும் மீண்டும் செலுத்தும் விலையாகின்றது. 1967இல் ஓடின் நடத்திய சோதனை ஒருநாளைச் சோதனை. அச்சம் உண்டா இல்லையா என்பதோடு முடிந்தது. இக்கதையில் அவள் அஞ்சாதவள் அல்லள். அச்சத்தோடே கோட்டையினின்று மருத்துவமனைக்கும், மருத்துவமனையினின்று போர்க்களத்திற்கும் செல்கின்றாள். ஆரன் பழைய தீர்ப்பை வெளிப்படையாக மறுத்துரைக்கவில்லை, அளவுகோலையே மாற்றிவிட்டார்.

தோர் தகுதியிழந்த காரணமும் இதனோடு இயையும். பியூரி ஓதிய சொல் 2017இல்தான் படிப்போர்க்கு வெளிப்பட்டது: தேவர்களைக் கொன்று திரிந்த கோர் என்பான் கூறியது மெய்யே என்பது அது. மானிடர் நோவிலும் பசியிலும் அழைக்கும்போது செவிசாய்க்காத தேவர் எவரும் வழிபாட்டிற்கு உரியரல்லர் என்பது கோரின் வழக்கு. அவ்வழக்கிற்குத் தோரிடம் மறுமொழி இல்லை. மறுமொழி வழங்குபவள் ஜேன். அதுவும் வாதத்தால் அன்று.

குறைகளும் உள. மாலெகித் தொடுக்கும் பல்லுலகப் போர் இதழ்தோறும் இடம் கவர்ந்து, நோயாளியின் கதையை நெருக்குகின்றது. வணிக நிறுவனப் பகைவர் வரும் பகுதிகள் எளிதில் மறக்கத்தக்கவை. டாட்டர்மனின் வரைவும் மாத்யூ வில்சனின் வண்ணமும் இவ்விடங்களைத் தாங்கி நிற்கின்றன. இடியோசையை எழுத்துருவாகப் படக்கட்டத்தின் எல்லையோடு பின்னும் முறை அவற்றுள் சிறந்தது.

முடிவைப் பற்றியே கருத்து வேறுபாடு எழும். 2018இல், இனி ஒருமுறை உருமாறின் சாவு உறுதி என அறிந்தும் ஜேன் சம்மட்டியை எடுக்கின்றாள். மாங்காக் என்னும் பேருயிரைச் சம்மட்டியோடு பிணித்துக் கதிரவனுள் எறிகின்றாள். மானிட உருவில் இறக்கின்றாள். ‘மைட்டி தோர்’ 705ஆம் இதழ் இது. அடுத்த இதழில் ஓடினும் அவன் மகனும், சம்மட்டியுள் அடைபட்டிருந்த பெரும்புயலின் ஆற்றலால் அவளை உயிர்ப்பிக்கின்றனர்.

இறந்தவளை எழுப்பியது இழப்பின் அழுத்தத்தைக் குறைத்தது என்பது எளிதிற் கூறத்தக்க குறை. எம் தடை அதுவன்று. சம்மட்டி ஓடினின் விருப்பத்தையும் மீறி அவளைத் தேர்ந்தது என்பதே இக்கதையின் புதுமை. அவ்வாறிருக்க, இறுதியில் அவள் உயிர் ஓடினின் கைவழியே வருகின்றது. கொடையாக வந்த இறவாமையை 1967இல் பறித்த கை, 2018இல் உயிரைக் கொடையாக வழங்குகின்றது. கழுவாய் என ஆசிரியர் கருதினார் போலும். ஆனால் தாயத்தைக் கொடையினின்றும் விடுவித்த கதை மீண்டும் கொடையின் கீழ் வந்து நிற்கின்றது. எனினும் ஒன்று கூறல் வேண்டும்: உயிர்த்த ஜேனுக்குச் சம்மட்டி இல்லை, நோய் நீங்கவும் இல்லை. தோர் என்னும் பெயரைப் பழைய உரியவனிடமே விடுத்து, இனி உருமாற்றம் கழித்துவிடாத அம்மருந்தை ஏற்க அவள் மருத்துவமனைக்குத் திரும்புகின்றாள்.