இறைவணக்கத்தில் முன்னிலை யார்?

நம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் காலை மணி ஒலித்ததும் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக வந்து நிற்கும் நிகழ்வை 'இறைவணக்கக் கூட்டம்' என்று அழைக்கிறோம். பிற பள்ளிகளிலும் இப்பெயர் வழங்குகிறது. எனினும் திருச்சபையின் பெயரால் நடைபெறும் பள்ளியில் அதற்குத் தனிப் பொறுப்பு உண்டு. இறைவனை வணங்கவே கூடுகிறோம் என்று சொல்லிவிட்ட பிறகு, அங்கே வணக்கம் நிகழ்கிறதா என்று கேட்பது முறையே. ஒரு நூலை அதன் சொல்லும் பொருளும் கொண்டு மதிப்பிடுகிறோம். பிள்ளைகளின் நாவில் நாம் நாள்தோறும் வைக்கும் செபங்களையும் அவ்வாறே மதிப்பிட வேண்டாமா?

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களை நம் மொழி இலக்கணம் வகுத்துள்ளது. செபத்தில் தன்மை இடத்தில் நிற்பது மனிதன். முன்னிலையில் இருப்பவர் இறைவன். இவ்வளவுதான் செபத்தின் அடிப்படை இலக்கணம். நம் பள்ளிகளில் ஒலிக்கும் செபங்கள் பல 'ஆண்டவரே' என்ற விளியுடன்தான் தொடங்குகின்றன. ஆனால் அடுத்த வரியிலேயே முன்னிலை மாறிவிடுகிறது. ஆசிரியருக்குக் கீழ்ப்படியவும், வீட்டுப்பாடத்தைத் தவறாது முடிக்கவும், குறித்த நேரத்தில் பள்ளிக்கு வரவும் வரம் தர வேண்டும் என்று செபம் நீள்கிறது. பெயரளவில் இறைவனை விளித்து, உண்மையில் பிள்ளைகளைக் கண்டிக்கும் உரை இது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும். கடவுளும் தலைமையாசிரியரும் ஒரே கட்சி என்று அது முடிவு செய்துகொள்கிறது. கீழ்ப்படிதல் நல்லதே, அதை அறிவுரையாகச் சொல்ல நாள் முழுவதும் நேரம் இருக்கிறது. செபத்தின் போர்வையில் அறிவுரை வந்தால், செபமும் நிலைப்பதில்லை; அறிவுரையும் பயனளிப்பதில்லை.

இனி, மொழியைப் பார்ப்போம். பெரியவர்களுக்கான மன்றாட்டுகளைச் சுருக்கி, ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரே மூச்சில் வாசிக்கச் செய்கிறோம். படிக்கும் பிள்ளைக்கும் பொருள் புரிவதில்லை. கேட்கும் பிள்ளைகளுக்கும் புரிவதில்லை. நேற்றைய மழைக்காக நன்றி சொல்லவும், காய்ச்சலில் படுத்திருக்கும் வகுப்புத் தோழிக்காக வேண்டவும் அப்பிள்ளைகளுக்குச் சொந்தச் சொற்கள் உண்டு. அவற்றை நாம் கேட்டு வாங்குவதில்லை.

உரோமை 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட, சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி ஏட்டில் கருதத்தக்க ஒரு கருத்து இருக்கிறது. சிறுவரின் வழிபாட்டிலும் மௌனத்திற்கு இடம் தரவேண்டும். தம் வயதிற்கேற்ற முறையில் சிந்திக்கும் ஆற்றல் அவர்களுக்கும் உண்டு என்கிறது அந்த ஏடு. திருப்பலிக்குச் சொன்னது காலைச் செபத்திற்கும் பொருந்தும். நம் முற்றத்தில் மௌனம் இல்லாமலில்லை. ஆனால் அது ஊதல் ஒலிக்கு அஞ்சிப் பிறக்கும் மௌனம். 'அமைதி' என்பது அங்கே ஓர் அதட்டல். இறைவன் முன் அமர்ந்திருக்கும் அமைதியை அப்பிள்ளைகள் எங்கே கற்பார்கள்?

செபம் முடிந்த மறுகணமே தாமதமாக வந்தவர்கள் தனி வரிசையில் நிறுத்தப்படுவதும், கட்டணம் செலுத்தாதோர் பெயர்கள் வாசிக்கப்படுவதும் சில இடங்களில் நடக்கின்றன. தாமதமாக வரும் பிள்ளை, பெரும்பாலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டோ, தம்பியைக் கவனித்துவிட்டோ ஓடி வரும் ஏழை வீட்டுப் பிள்ளை. அதன் உள்ளத்தில் இறைவனின் பெயரும் அவமானமும் ஒன்றாகப் பதிகின்றன. சிறுவரைத் தம்மிடம் வரவிடாது தடுத்த சீடர்கள்மீது ஆண்டவர் சினமுற்றார் என்கிறார் மாற்கு. அந்தச் சினம் பள்ளி முற்றத்திற்கும் உரியதே.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் பிற சமயப் பிள்ளைகளே மிகுதி. அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு உதவி பெறும் நிறுவனத்தில் பயிலும் சிறுவரை, பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றிச் சமய வழிபாட்டில் பங்குபெறக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 28-ஆவது உறுப்பு. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையும் 1965 அக்டோபர் 28 என்ற ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்றை மறந்து மற்றொன்றைப் படித்தல் ஆகாது. தான் நம்பாத சொற்களுக்கு வாயசைக்கும் பிள்ளை கிறிஸ்துவை அறிந்துகொள்வதில்லை, வாயசைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

இந்திய ஆயர் பேரவையின் கல்வி அலுவலகம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், பிற சமய மாணவர்மீது நம் மரபுகளைத் திணிக்கலாகாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நாம் அதை வரவேற்கிறோம். ஆயினும் முகப்புரை, குடிமக்கள் தமக்குள் செய்துகொள்ளும் உறுதிமொழி. அது செபம் ஆகாது. முகப்புரையை வாசித்துவிட்டதால் வணக்கம் முடிந்தது என்று கலைந்து செல்வோமாயின், திணிப்பை நீக்கும் முயற்சியில் இறைவனையே நீக்கியவர்கள் ஆவோம்.

அப்படியானால் வழி யாது? அதை நமக்குக் காட்டியவர் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவரே. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை (1826–1889) தேவமாதா அந்தாதி பாடியவர். அவருடைய கத்தோலிக்கப் பற்றில் ஐயமில்லை. அவரே 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் வெளியிட்டார். அவற்றில் எல்லாச் சமயத்தாரும் தம் கடவுளாக ஏற்று விளிக்கத்தக்க ஒரே இறைவன் முன்னிலையில் நிற்கிறார். அன்னையைப் பாடும் இடத்தில் அன்னையை முழுமையாகப் பாடினார். எல்லாரும் கூடும் இடத்தில் எல்லாரும் பாடத்தக்கதைப் பாடினார். இரண்டையும் கலந்து நீர்க்கச் செய்யவில்லை. இப்பகுத்தறிவே நம் பள்ளிகளுக்குத் தேவை.

பொதுக் கூட்டத்தில் சிறிது மௌனம், பிள்ளைகளின் சொற்களிலேயே ஒரு நன்றி, ஒரு வேண்டுதல், எல்லாரும் மனமொப்பிப் பாடக்கூடிய ஒரு பாடல் ஆகியவை போதும். அறிவிப்புகளும் கண்டிப்புகளும் வகுப்பறைக்குச் செல்லட்டும். இதனால் நம் அடையாளம் மங்கிவிடும் என அஞ்சுவோர் உளர். அவர்களின் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைக்கு அதன் உரிமை உணவை மறுக்கலாகாது. ஆனால் அவ்வுணவைப் பரிமாறும் இடம் மறைக்கல்வி வகுப்பும் ஆலயமும் ஆகும். அங்கே நாம் என்ன செய்கிறோம்? தேர்வுக்காக வினாவிடைகளை மனப்பாடம் செய்விக்கிறோம். ஏழு அருளடையாளங்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் பிள்ளையை, நற்கருணைப் பேழையின் முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்கிறோமா? முற்றத்தில் உரக்கச் சொல்வித்தால் அடையாளம் காக்கப்படும் என்று நம்பி, காக்கவேண்டிய இடத்தில் அதைக் கைவிட்டிருக்கிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் நேரத்தில், இன்று காலை யாரிடம் பேசினாய் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்கு அப்பிள்ளை கூறும் விடையை வைத்தே நம் பள்ளியின் இறைவணக்கத்தை மதிப்பிடலாம்.