கேட்கும் முகம்

நடிகையரை ஒப்பிடுவது நம் நாட்டில் பெரும்பாலும் போட்டி மேடையாகவே முடிந்துவிடுகிறது. எஸ்.எஸ்.வாசன் இயக்கிய ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிர் நின்று ஆடியபோது பி.எஸ்.வீரப்பா மகிழ்ந்து கூவிய ஒற்றை வரி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெருப் பேச்சில் வாழ்கிறது. யார் வென்றார் என்பதே கேள்வி. என்ன செய்தார்கள் என்பதன்று. ஹாலிவுட்டும் இதில் நமக்குச் சளைத்ததன்று. பெட்டி டேவிஸையும் ஜோன் கிராஃபோர்டையும் 1962-இல் ஒரே படத்தில் சேர்த்து, திரையிலும் வெளியிலும் அவர்கள் மோதலையே விற்றார்கள். இத்தகைய மல்யுத்தத்தில் நமக்கு விருப்பமில்லை. எனினும் ஒப்பிடாமல் எதையும் மதிப்பிட இயலாது என்பதால், சாவித்திரி, பானுமதி, பத்மினி, சௌகார் ஜானகி, தேவிகா ஆகிய ஐவரையும் ஓர் அளவுகோலின் முன் நிறுத்திப் பார்க்க முனைகிறோம்.

அளவுகோல் எது என்பதில்தான் சிக்கல். நம் பங்கின் இளையோர் சிலர் அண்மையில் ‘பாசமலர்’ (1961) படத்தைப் பார்த்தனர். கல்லூரியில் பயில்வோரும், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் பணிபுரிவோருமான அவர்கள், இறுதிக் காட்சியில் சிரித்துவிட்டார்கள். கண்ணிழந்த அண்ணனும் தேடிவந்த தங்கையும் கைகோத்தபடியே உயிர்விடும் காட்சி அது. “மிகைநடிப்பு, சாமி” என்றார்கள். தாம்பரத்தில் எம்.ஆர்., வித்யா, நேஷனல் போன்ற கொட்டகைகளில் பழைய படம் மீண்டும் திரையிடப்பட்டால் தாய்மார்கள் முந்தானையை நனைத்துக்கொண்டு வெளியேறியதைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தச் சிரிப்பு புதிராயிருந்தது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் எந்தத் துயரத்தைக் கண்டு பழகியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம்.

சேலையூரிலும் இரும்புலியூரிலும் பெருங்களத்தூரிலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சாவு வீட்டுக்குச் சென்றால், தெருமுனையிலேயே அழுகுரல் கேட்கும். மார்பில் அடித்துக்கொண்டு, இறந்தவரின் சீரையும் சிறப்பையும் வரிவரியாய்ச் சொல்லி அழும் மூதாட்டியர் இருந்தனர். அவ்வழுகை பொய்யன்று, அது துயரத்துக்கு நம் மண் கொடுத்த வடிவம். இன்று அதே ஊர்களின் அடுக்குமாடிக் கட்டடங்களில் இறந்தவர் மின்தூக்கி வழியாகக் கீழிறக்கப்படுகிறார். அண்டை வீட்டுக்குச் செய்தி எட்டுமுன்னே அடக்கம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கருப்புக் கண்ணாடி அணிந்து அமைதியாய் நிற்கிறார்கள். அந்த அமைதியும் பொய்யன்று. ஆயின் இந்த அமைதியில் வளர்ந்த ஒருவருக்கு, அந்த ஒப்பாரியின் மரபிலிருந்து பிறந்த நடிப்பு மிகையாகவே படும். சாவித்திரியின் குரல் உயர்வதால் அவர் மிகையாக நடிக்கிறார் என்பது, ஒப்பாரி சொல்லும் பாட்டி நடிக்கிறாள் என்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் அடக்கமே சிறப்பு, உரத்த குரலே குறை என்ற அளவுகோல் உதவாது. மேலைநாட்டிலிருந்து அதற்குச் சான்று காட்டுவோர் பெரும்பாலும் கிரெட்டா கார்போவைக் காட்டுவர். ‘குயின் கிறிஸ்டினா’ (1933) படத்தின் இறுதியில் கப்பல் முகப்பில் நிற்கும் கார்போவின் முகம் நெடுநேரம் அசைவின்றித் திரையை நிறைக்கிறது. எதையும் எண்ணாமல் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளும்படி இயக்குநர் மமூலியன் சொன்னதாக வரலாறு. பார்ப்பவர் தத்தம் துயரத்தை அதன்மேல் எழுதிக்கொள்கிறார்கள். பெரிய சாதனைதான், ஆனால் அதில் பாதி ஒளிப்பதிவாளருடையது, மீதியில் பெரும்பங்கு நம்முடையது.

நாம் கொள்ளும் அளவுகோல் வேறு. எதிரில் இருப்பவர் பேசும்போது அந்த நடிகை என்ன செய்கிறார்? தன் முறை வரும்வரை காத்திருக்கிறாரா, கேட்கிறாரா? குருமடத்து வகுப்பறையில், ‘ஆள்’ என்பதைக் குறிக்க இறையியலார் கையாண்ட ‘புரோசோப்பொன்’ என்ற கிரேக்கச் சொல்லை நமக்கு விளக்கியபோது, அதற்கு முகம் என்றும், நாடகக்காரர் அணியும் முகமூடி என்றும் பொருளுண்டு என்றார்கள். அன்று அது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றியது. மற்றொருவரை நோக்கித் திரும்பும்போதுதான் முகம் முகமாகிறது என்பதைப் பிற்காலத்தில் திரைப்படங்களே நமக்கு விளக்கின.

இவ்வளவுகோலால் அளந்தால் சாவித்திரி தனியே நிற்கிறார். எல்.வி.பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’ (1955) நம் கத்தோலிக்க இல்லங்களுக்கு நன்கு அறிமுகமான படம். வேலை தேடும் கிறிஸ்தவப் பெண் மேரியும் ஓர் இந்து இளைஞனும், ஆசிரியர் பணிக்காகக் கணவன் மனைவியென நடிக்கிறார்கள். அப்பாத்திரத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதி. சில காட்சிகள் படமான பின் தயாரிப்பாளர் சக்கரபாணியோடு மனக்கசப்பு ஏற்பட்டு அவர் விலக, இரண்டாம் பாத்திரத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேரியானார். அவர் இடத்துக்கு ஜமுனா வந்தார். கதையின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மேரி பிறப்பால் இந்துவே, காணாமற்போன ஜமீன்தார் மகளே என்று காட்டி, எழுப்பிய கேள்வியைக் கதாசிரியரே கரைத்துவிடுகிறார். ஆனால் மேரி என்ற பெண்ணை அப்படிக் கரைத்துவிட முடியவில்லை, காரணம் சாவித்திரி. மனைவியாக நடிக்க வேண்டிய ஒவ்வொரு கணமும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போகிறது. ஜெமினி கணேசன் ஜமுனாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் காதில் வாங்கியபடி அவர் காட்டும் எரிச்சல், அது பொறாமை என்று அவருக்கே தெரியுமுன் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது அவருக்கு இருபதையொட்டிய வயது.

‘நவராத்திரி’யில் (1964) இத்திறமை முழு வளர்ச்சி பெற்றது. ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது ஆண்களாக நடிகர் திலகம் தோன்றினார் என்றே நாடு பேசிற்று, பேசத்தக்கதுதான். ஆனால் அந்த ஒன்பது பேரும் யார் முன்னே தோன்றுகிறார்கள்? வீட்டைவிட்டு வெளியேறிய ஒரே பெண்ணின் முன்னே. அவருக்கு மாறுவேடம் இல்லை, ஒட்டுமீசை இல்லை, குரல் மாற்றமும் இல்லை. எதிரே வருபவன் குடிகாரனா, தொழுநோயாளியா, கொலைவெறி கொண்டவனா, வெள்ளந்தியான உழவனா என்பதை அவர் முகத்தைக் கொண்டே நாம் முதலில் அறிகிறோம். தெருக்கூத்துப் பகுதியில் மேடைப் பழக்கமில்லாத பெண்ணொருத்தி மேடையேறுவதாகவும், மருத்துவமனைப் பகுதியில் மனநோயாளிபோல் நடிக்கும் பெண்ணாகவும் அவர் நடிக்க வேண்டியிருந்தது. நடிப்புக்குள் ஒரு நடிப்பு. உள்ளே இருக்கும் பெண்ணின் அச்சம் வெளியே உள்ள கூத்தின் நடுவே ஒருமுறையேனும் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கிறது. ஒன்பது முத்துகளைப் புகழ்ந்த நாம் அவற்றைக் கோத்த நூலை மறந்தோம்.

பானுமதி கேட்பதில்லை, விடை சொல்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1953-இல் ‘சண்டிராணி’யைத் தாமே இயக்கி, மும்மொழிகளில் வெளியிட்டு, தம் பாடல்களைத் தாமே பாடிய பெண்மணி, எதிரில் நிற்கும் நாயகன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார் என்று எதிர்பார்ப்பது தவறு. ‘மலைக்கள்ளன்’ (1954) போன்ற படங்களில் அந்தக் கண்களின் ஏளனமே பாத்திரத்தின் உயிர். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘அன்னை’ (1962) மட்டும் வேறு வகை. தங்கையின் மகனை வளர்க்கும் பெண், பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்ற அச்சத்தில் யார் பேச்சையும் செவிகொள்ள மறுக்கிறாள். பானுமதியின் கேளாமை அங்கே பாத்திரத்தின் பிணியாகவே ஆகிவிடுகிறது. பெற்ற தாயாகச் சௌகார் ஜானகி எதிரே நிற்கும் காட்சிகளில், உரிமையை விட்டுக்கொடுத்தவளின் தாழ்ந்த பார்வையும், விட மறுப்பவளின் நிமிர்ந்த கழுத்தும் சேர்ந்து ஒரு நாடகம் நிகழ்த்துகின்றன.

அந்தச் சௌகார் ஜானகியைத் தமிழ் விமர்சனம் போதிய அளவு பேசவில்லை என்பது நம் எண்ணம். 2022-இல் பத்மஸ்ரீ வந்தபோது அவர் வயது தொண்ணூறை எட்டியிருந்தது. அவர் கேட்பது அறிவால் கேட்பது. ‘புதிய பறவை’யில் (1964) நாயகனைச் சிக்கவைக்கவே அவர் அவன் பேச்சைக் கேட்கிறார், மறுமுறை பார்ப்பவர்களுக்கு அந்தப் புன்னகை முற்றிலும் வேறாகத் தெரியும். ‘இரு கோடுக’ளில் (1969) தம்மைப் பிரிந்த கணவர் தலைமை எழுத்தராய் இருக்கும் அலுவலகத்துக்கே மாவட்ட ஆட்சியராக வரும் பெண், அதிகாரியின் காதால் ஒன்றையும் மனைவியின் காதால் வேறொன்றையும் கேட்க வேண்டும். பாலசந்தரின் வசனம் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பேசிவிடுகிறது. ஜானகி பேசாத இடங்களே சிறந்தவை.

பத்மினியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம்; புகழ அவருக்கு ஆள் பஞ்சமில்லை. நாட்டியம் அவருக்கு வரமாயிற்று, சில வேளை வேலியாகவும் ஆயிற்று. உரையாடல் காட்சிகளிலும் அவர் அபிநயத்தின் நிறுத்தங்களைக் கைவிடுவதில்லை. எதிரில் உள்ளவரைவிட அவையோரையே நோக்குகிறார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) இதற்கு விலக்கு. மறைந்து நின்று தன் ஆட்டத்தைக் காணும் நாதசுரக் கலைஞனை உணர்ந்து, அவைக்கு ஆடுவதுபோல் அவன் ஒருவனுக்கே ஆடும் காட்சியில், வேலியே வாயிலாகிவிடுகிறது.

இந்த ஐவரில் ஒருவருக்கும் தமிழ் தாய்மொழியன்று என்பது எண்ணத்தக்கது. பத்மினி மலையாளி, ஏனையோர் தெலுங்கர். வேற்றுமொழியில் எதிரில் உள்ளவர் பேசி முடிப்பதைக் கூர்ந்து செவிமடுக்க வேண்டிய கட்டாயமே இவர்களுள் சிலருக்கு இக்கலையைக் கற்பித்ததோ என்று ஐயுறுகிறோம்.

இறுதியாகத் தேவிகா. 1957-இல் ‘முதலாளி’யில் அறிமுகமான இவரை அழகி என்று பாராட்டியவர்கள் நடிகை என்று பாராட்டத் தயங்கினார்கள். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஏறக்குறைய முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள் நிகழ்வது. புற்றுநோயாளியான கணவன், மருத்துவரோ மனைவியின் பழைய காதலர். தான் இறந்தால் அவரை மணந்துகொள் என்று கணவன் கேட்கிறான். அந்தக் கோரிக்கையைக் கேட்கும் சீதாவாகத் தேவிகா கதறவில்லை, கார்போவைப்போல் வெறுமையாகவும் நிற்கவில்லை. சொல் காதில் விழுவதும், பொருள் விளங்குவதும், விளங்கியதை ஏற்க மனம் மறுப்பதும் மூன்று தனித்தனி நிகழ்வுகளாக அம்முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மறுமொழி பிறகு பாடலாக வருகிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த முகம் உண்மையானது என்று சொல்ல நமக்கு ஒரு சிறு தகுதியுண்டு. மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளருக்காகத் தாம்பரத்தில் தொடங்கிய ‘சானடோரியம்’ பின்னர் அரசு மருத்துவமனையாயிற்று. அருகிலுள்ள தொடருந்து நிலையத்துக்கும் ஊர்ப்பகுதிக்கும் அதுவே பெயராக நிலைத்தது. அங்கே நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் நாம், படுக்கையில் கிடப்பவரைவிட அருகில் நிற்பவரின் முகத்தையே அதிகம் கண்டிருக்கிறோம். மருத்துவர் ஒரு சொல் சொல்வார்; அது போய்ச் சேர நேரமாகும். அந்த இடைவெளியைத் திரையில் நமக்குக் காட்டியவர்கள் இருவர். ஒருவர் தேவிகா. மற்றவர், ‘தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்’ (1945) படத்தில் அருட்சகோதரி பெனடிக்டாக நடித்த இங்கிரிட் பெர்க்மன். பங்குத்தந்தையோடு கருத்து வேறுபட்டதாலேயே தம்மை மாற்றிவிட்டார்கள் என்று மனம் நொந்து புறப்படும் அவரிடம், கடைசி நேரத்தில் உண்மை சொல்லப்படுகிறது: அவருக்குக் காசநோய். அக்காலத்தில் அது எளிய செய்தியன்று. ஆனால் பெர்க்மனின் முகம் மகிழ்ச்சியால் மலர்கிறது. நோய்தான், வெறுப்பன்று என்பதை அவர் கேட்டுவிட்டார். அதே இடைவெளி, நேர்மாறான முடிவு.

வரிசை கேட்போருக்காகச் சொல்கிறோம்: சாவித்திரிக்கு முதலிடம், பத்மினியின் அன்பர்கள் வருந்தினாலும் தேவிகாவுக்கு அடுத்த இடம், அவரை நெருங்கிச் சௌகார் ஜானகி. பானுமதியை இவ்வரிசையில் வைக்க இயலாது. அவரும் அதை விரும்பியிருக்கமாட்டார். அடுத்த முறை நம் இளையோருக்கு ‘நவராத்திரி’யைக் காட்ட எண்ணியிருக்கிறோம். ஒன்பது வேடங்களும் பேசும்போது பேசுபவரைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைப்போம்.