எண்ணி ரசிக்கும் கலை

பறவைகளை ரசிப்பதற்கு வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பிரயாணம் செய்தாக வேண்டும் என்றும், கழுத்தில் தொலைநோக்கியும் கையில் விலையுயர்ந்த காமிராவும் இல்லாதவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டாது என்றும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அபூர்வமான பறவையைத் தேடிச் செல்வதில் ஓர் உற்சாகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தினந்தோறும் நம் வீட்டு முருங்கை மரத்துக்கும் கிணற்றடிக்கும் வந்து போகிற சாதாரணப் பறவைகளைச் சிரத்தையோடு கவனிப்பவருக்கு வாய்க்கிற பரிச்சயம், வருஷத்துக்கு ஒருமுறை சரணாலயம் சென்று திரும்புகிறவருக்கு வாய்ப்பதில்லை. அந்தச் சிரத்தையைப் பழக்கிக்கொள்ள, அவற்றை எண்ணிப் பார்ப்பதைக் காட்டிலும் சிறந்த மார்க்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் இடத்தையும் வேளையையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். கொல்லையானாலும் மொட்டைமாடியானாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியானாலும், ஒரு மரமாவது கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருந்தால் போதும். சூரியோதயத்தை அடுத்த இரண்டு மணி நேரம் பறவைகள் மிகுந்த சுறுசுறுப்போடு இரை தேடுகிற காலமாதலால், அதுவே உத்தமமான வேளை. உட்கார்ந்தவுடன் கண்களை அங்குமிங்கும் ஓட்டாமல், காதுகளுக்கு முதலிடம் கொடுத்துப் பழகுவது நல்லது. செம்பு தட்டுகிற கன்னானின் பட்டறையிலிருந்து வருவதுபோல் ‘டொக், டொக்’ என்று ஒரே தாளத்தில் விடாமல் ஒலிக்கிற குரல் செம்மார்புக் குக்குறுவானுடையது. கூவும்போதே அது தலையை இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொள்ளுகிறபடியால், ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று நிர்ணயிக்க முடியாமல் கேட்பவர் திகைப்பார். பொறுமையோடு மரத்தின் உச்சியிலுள்ள இலையற்ற கொம்புகளைத் தேடுகிறவருக்கோ, பச்சை உடலும் சிவந்த நெற்றியுமாக, மைனாவைவிடச் சிறிய அந்தப் பறவை தரிசனம் கொடுத்துவிடும்.

பெயரைத் தெரிந்துகொண்டதும் வேலை முடிந்ததென்று எழுந்து போய்விடுவது ரசிகருக்கு அழகல்ல. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டிருக்கையில், ஒன்று மட்டும் உயரமான கிளையில் அமர்ந்து காவல் காப்பதையும், வல்லூறு வட்டமிடக் கண்டு அது குரல் கொடுத்த மாத்திரத்தில் மற்றவை புதருக்குள் மறைவதையும் பார்க்க வேண்டும். நமக்கு மிகச் சாமான்யமாகத் தோன்றும் இந்தக் குருவி, தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சிலந்தி நூலையும் பஞ்சையும் கொண்டு இலைகளை இணைத்துத் தைக்கிற தையல்சிட்டின் சாமர்த்தியத்தையும், புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பறவையொன்று கரிய ஆண்குயிலுக்கு ஜோடியாய் இருப்பதையும், அதன் குஞ்சுக்குக் காகம் இரையூட்டுவதையும் காணப் பல நாள் ஒரே இடத்தில் அமர்ந்தாக வேண்டும். ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வலசை வருகிற தோட்டக்கள்ளன், நகரத்துத் தோட்டங்களில்கூட இறங்கி, பல வர்ண உடலோடு சருகுகளினூடே தத்தித் திரியும்.

இவ்விதம் கவனிக்கப் பழகியவர் அடுத்தபடியாகக் கணக்கில் இறங்கலாம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தன்று கட்சி பிரிந்து போட்டியிட்டுக்கொண்டு பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் வழக்கம் இருந்த காலத்தில், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று ஃபிராங்க் சாப்மன் என்ற பறவை இயல் அறிஞர் யோசனை சொல்ல, 1900-ஆம் ஆண்டு 27 பேர் கூடி முதல் கணக்கை எடுத்தார்கள். 1998-இல் அதே தேசத்தில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடைபெறுகிறது. 2013 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டி ஒரு கணக்கெடுப்பு நிகழ்ந்துவருகிறது.

விதிகள் எளியவை. குறைந்தது 15 நிமிஷம் கவனிக்க வேண்டும். இடம், நேரம், கண்ட இனங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை என்பவற்றைக் குறித்து ‘ஈபேர்ட்’ என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். மைனா ஒன்றே மூன்று முறை வந்து போனதாகத் தோன்றினால், அதை மூன்றாக எழுதலாகாது. ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையையே எழுத வேண்டும். இன்னதென்று தெளியாத பறவையை ஊகத்தால் பெயரிடாமல் விட்டுவிடுவதே நேர்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிந்த பறவை எதையும், அது வெறும் காகமென்று, ஒதுக்கிவிடக் கூடாது.

காகத்தை எதற்காக எண்ணுவது என்று கேட்பவர்களுக்குப் பாறு கழுகுகளின் கதை தக்க விடையாகும். ஒரு காலத்தில் வடஇந்தியாவில் மாடு செத்துக் கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக வந்திறங்கிய அந்தப் பறவைகளை, ராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1980-களில் எண்ணி வைத்திருந்த விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர், 1990-களின் பிற்பகுதியில் மறுபடியும் எண்ணியபோதுதான் அவை அழிந்துவரும் வேகம் தெரியவந்தது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியே காரணமென்று பின்னர் நிரூபணமாகி, 2006-இல் கால்நடை உபயோகத்துக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. முதற்கணக்கு இல்லாதிருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆதாரமே இருந்திராது.

சிட்டுக்குருவி தேசமெங்கும் அருகிவிட்டதென்ற பேச்சையும் இத்தகைய கணக்குகளே திருத்தின. பெருநகரங்களில் அது குறைந்திருப்பது உண்மையாயினும், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறதென்று 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை தெரிவித்தது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடி அவதானிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனத்துக்கு உரியவை என்று எடுத்துக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர், நம்மைப் போன்றவர்களே.

கூட்டை நெருங்கிப் படம் பிடிப்பதும், ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பதும் ரசனையில் சேரா. ஆழமில்லாத தட்டில் தினமும் தண்ணீரை மாற்றி வைத்தால், அதுவே போதிய உபசாரம். வருகிற பொங்கலன்று காலையில் பதினைந்து நிமிஷத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பட்டியலின் முதல் வரியில் கூசாமல் காகத்தை எழுதுங்கள்.