கூடிப் பயிலல்: நன்னூலின் பாடங்கேட்டல் நெறியும் பகுதிநேர ஆய்வுக் கல்வியும்

முன்னுரை

பணியிலிருந்துகொண்டே முனைவர் பட்டத்திற்குப் பயில்வோர் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் உளர். பள்ளியாசிரியர், அலுவலகப் பணியாளர், குடும்பப் பொறுப்புடைய மகளிர் எனப் பலராகிய இவர்கள் பெரும்பாலும் நெறியாளரைத் தனித்தனியே கண்டு மீள்கின்றனர். இத்தனிமை கல்விக்கு எவ்வளவு இழப்பு என்பதை நன்னூல் வழி மதிப்பிட இக்கட்டுரை முயல்கிறது.

நன்னூலின் கணக்கு

பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் புலமையை நான்கு கூறாக்குகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிட்டுவது காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு காலும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரையும் கைவரும். ஆக, முக்கால் பங்கு ஆசிரியர்க்கு வெளியே அமைகிறது. உடன் பயிலுதலை அவர் கல்வியின் ஓர் அளவாகவே வைத்தமை கருதத்தக்கது.

'என் சரித்திரம்' தரும் சான்று

உ.வே.சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஊர்தோறும் ஆசிரியரைத் தேடினார். காரிகைப் பாடம் செங்கணத்தில் வாய்த்தது. பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, திருவாவடுதுறையில் குமாரசாமித் தம்பிரான் முதலியோருடன் கூடிப் பாடங்கேட்டார். தம்பிரான்கள் மடத்துக் கடமைகளுக்கிடையே பயின்ற வளர்ந்தோர். 1876இல் பிள்ளை மறைந்தபின் உ.வே.சா. மடத்தில் பிறர்க்குப் பாடஞ்சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். நன்னூலார் கூறிய மூன்று படிகளும் ஒருவர் வாழ்வில் வரிசையாக அமைந்தமையை இங்குக் காணலாம்.

மதிப்பீடு

மடத்துக் கல்வி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. உடனுறைந்து பயிலும் ஓய்வும் இன்றைய பணியாளர்க்கு இல்லை. எனவே அவ்வமைப்பை அப்படியே மீட்டல் இயலாது; வேண்டுவதும் அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பகுதிநேர ஆய்வை ஏற்று, குறைந்தது 12 கிரெடிட் பாடப்பயிற்சியை வகுத்துள்ளது. ஆய்வாளர் ஒரு வகுப்பாக அமரும் வாய்ப்பு பெரும்பாலும் அப்பயிற்சியோடு முடிகிறது. அதே ஒழுங்குமுறை எம்.ஃபில். படிப்பை நிறுத்தியதால், முனைவர் ஆய்வுக்கு முன் சேர்ந்து பயிலும் வாய்ப்பும் மறைந்தது. எஞ்சுவது நெறியாளர் தரும் காற்கூறே.

முடிவுரை

ஒரே ஆண்டில் பதிந்தோரை ஓர் அணியாக்கி, மாதம் ஒருநாள் ஒருவர் எழுதிய இயலை மற்றவர் படித்து வினவவும், எழுதியவர் விடையிறுக்கவும் ஆய்வு மையங்கள் வழிசெய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆயின் அணி நெறியாளர்க்கு மாற்றாகாது. முதற்காலின்றி மற்றவை நில்லா. முதற்காலையே முழுமையெனக் கொள்வதுதான் இன்றைய குறை.