தேவகியும் ஷியாமாவும்

பெற்றவள் பெரியவளா, வளர்த்தவள் பெரியவளா? பட்டிமன்ற மேடைகளில் அடிபட்டுத் தேய்ந்துபோன கேள்வி இது. தீர்ப்பும் பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான்: வளர்த்தவளுக்கே மாலை. ஆனால், தத்துப்பிள்ளையின் நெஞ்சில் எழும் கேள்வி வேறு. 'என்னை ஏன் விட்டுச் சென்றாய்?' என்பதே அது. அதற்கு விடை கூறத்தக்கவள் ஒருத்தியே. அவளை நம் கலையும் இலக்கியமும் பேசவிட்டனவா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பழைய இலக்கியம் அவளை மறந்துவிடவில்லை. கண்ணனின் பிள்ளைப் பருவம் என்றதும் நம் நினைவில் முதலில் வருபவள் யசோதை. பெரியாழ்வார் அவளாகவே நின்று பாடினார். குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகியாக நின்றார். தாலாட்டும் பேறு தனக்கு இல்லை. பிள்ளையின் விளையாட்டைக் காணும் பேறும் இல்லை. அத்தனையும் யசோதைக்கே வாய்த்தன என்று அவள் ஏங்குகிறாள். வளர்த்தவளோடு அவள் வழக்காடவில்லை. தான் இழந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். பெற்றவளின் இழப்பும் ஓர் இழப்பே என்று சொல்ல ஆழ்வாருக்கு மனம் இருந்தது.

இக்காலத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்ட படைப்புகளில் குறிப்பிடத்தக்கது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002 இல் வெளிவந்து ஆறு தேசிய விருதுகள் பெற்ற திரைப்படம். ஈழத்திலிருந்து அகதியாக இராமேசுவரம் வந்த ஷியாமா, பெற்ற குழந்தையை முகாமில் விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்பிப் போகிறாள். திருச்செல்வனும் இந்திராவும் அக்குழந்தையை வளர்க்கின்றனர். ஒன்பதாம் பிறந்த நாளில் உண்மையை அறிந்த அமுதா, பெற்றவளைக் காண வேண்டும் என்கிறாள். குடும்பமே போர் நடக்கும் நாட்டுக்குப் புறப்படுகிறது.

குழந்தையின் கேள்வியை அடக்காமல் மதித்தது இப்படத்தின் முதற்சிறப்பு. அஞ்சியும் கலங்கியும் உடன்செல்லும் இந்திராவை மிகைப்படுத்தாமல் காட்டியது அடுத்த சிறப்பு. எனினும், தாயும் மகளும் சந்திக்கும் அந்த உச்சக்கட்டத்தில் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. அமுதா கேள்விகளை அடுக்குகிறாள்; ஷியாமாவின் விடை பெரும்பாலும் கண்ணீரே. தன்னோடு வருமாறு அழைக்கும் மகளிடம், தனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று மறுத்துவிடுகிறாள். என்றேனும் அமைதி வரும் என்ற நம்பிக்கையோடு பிரிகிறாள். அமுதாவின் முத்தம் இந்திராவுக்கே கிடைக்கிறது. அழகிய முடிவுதான். ஆனால், அதுவும் பட்டிமன்றத் தீர்ப்புத்தானே? தேவகிக்கு ஒரு பதிகம் முழுதும் கிடைத்தது. ஷியாமாவுக்குச் சில நிமிடங்களே கிடைத்தன.

அந்தப் போர் 2009 மே மாதத்தில் எப்படி முடிந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். இன்று அக்காட்சியைக் காணும்போது, ஷியாமா சொல்லாமல் விட்ட விடைகள் முன்னிலும் கனக்கின்றன. பின்னொரு நாள் சொல்லலாம் என்று வைத்துவைத்த சொல், சொல்லப்படாமலே போய்விடக்கூடும்.

வாழ்க்கை கலையைவிடக் கொடியது என்பதற்கும் அதே நாடு சான்று. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்தபின் தாயைத் தேடிவந்த சிலர் கண்டது என்ன? பத்திரங்களில் இருந்த பெயர் பொய். குழந்தையைக் கையளித்தவளே தாயாக நடித்தவள். முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப்பின், 2021 இல் நெதர்லாந்து அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. அமுதாவுக்குக் கிடைத்தவள் மெய்யான தாய் என்பதே ஒரு பெரும்பேறு என்று இப்போது தோன்றுகிறது.

இவை கடலுக்கு அப்பாற்பட்ட கதைகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்தார் குடியேறிய பிரிக்பீல்ட்ஸில் ஷியாமாவின் துயரம் அயலார் துயரம் அன்று. அதனினும் நெருங்கிய கதை நம் வீடுகளிலேயே உண்டு. வறுமையாலும், பெண்மகவு வேண்டாம் என்ற எண்ணத்தாலும், பிறந்த ஆண்டின் ராசி ஆகாது என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன. 1952 இல் தத்தெடுப்புக்கும் அதன் பதிவுக்கும் இங்கே சட்டங்கள் வந்தன. ஆயினும் வாய்ச்சொல்லாலேயே கைமாறிய குழந்தைகளும் உண்டு. அவர்கள் சேலை உடுத்தி, பொட்டிட்டு, தமிழில் தாலாட்டிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டனர்.

அவர்களுள் ஒருத்தி பெற்றவளைக் காணச் சென்றால் என்ன நேரும்? அமுதாவுக்கும் ஷியாமாவுக்கும் இடையே கடல் இருந்தது. ஆனால் மொழி ஒன்று. இங்கோ கடல் இல்லை. கிள்ளானில் நான்கு தெரு தள்ளியே அந்த வீடு இருக்கலாம். ஆனால் தாய் பேசுவது ஹொக்கியன், மகள் பேசுவது தமிழ். இருவருக்கும் பொதுவான சந்தை மலாயில் 'ஏன் கொடுத்தாய்?' என்று எப்படிக் கேட்பது? எப்படி விடை சொல்வது?

இந்தச் சந்திப்பை எழுதுவதற்கு உரிமையும் கடமையும் உடையவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. எழுதுவோர் வளர்த்தவளின் பெருமையைப் பாடட்டும். அதற்கு அவள் தக்கவளே. ஆனால், கதவருகே நிற்கும் அந்த மற்றொருத்தியையும் உள்ளே அழைத்து அமர்த்தி, அவள் சொல்வதை முழுதும் கேட்கட்டும். அவள் சொல்லும் விடை கசந்தாலும், பிள்ளைக்கு அது உரியது.