நாளிதழும் வீட்டுப் பிள்ளைகளும்

காலையில் வாசலில் வந்து விழும் நாளிதழைத் தகப்பன் ஒருவனே தனக்குள் வாசித்து மடித்து வைத்துவிடாமல், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, ஒன்றிரண்டு செய்திகளை அவர்கள் வாயாலேயே உரக்க வாசிக்கச் செய்து, அவற்றைக் குறித்துச் சிறிது நேரம் சம்பாஷிப்பது நம் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருந்துவரும் வழக்கம். என் தகப்பனார் வீட்டில் இது இருந்தது. பல்லாவரத்தை அடுத்த என் வீட்டிலும் இருக்கிறது. விரும்பியே இதை நான் மேற்கொண்டேன். ஆயினும், நன்மையோடு தீங்கும் இதிலே கலந்திருப்பதை என் பிள்ளைகளிடமே பிரத்தியட்சமாகக் கண்ட பிறகு, இதனைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமென்று உணர்ந்தேன்.

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது தமிழ்நாட்டில் பழகிய முறைதான். 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கிய காலத்தில் எழுத்தறிந்தோர் சிலரே. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, பாமரரும் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தக்க தமிழில் செய்தியைக் கொடுத்த பிறகு, டீக்கடை பெஞ்சும் முடிதிருத்தும் கடையும் வாசகசாலைகளாயின. அங்கே பெரியவர்கள் வாசித்துத் தர்க்கம் செய்ததை ஓரமாக நின்று கேட்டு உலகம் அறிந்த சிறுவர்கள் அநேகர். வீட்டுத் திண்ணையில் நடப்பதும் அதன் சிறு வடிவமே.

இதன் சிறந்த குணம் நிதானம். தொலைக்காட்சி விவாதத்தில் நால்வர் ஒரே சமயத்தில் கூச்சலிட, குழந்தை எதையும் பற்றிக்கொள்ள இயலாமல் திகைக்கிறது. அச்சிட்ட வரியோ, அதன்மேல் விரலை வைத்து, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கும் வரை காத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் சிறிய கட்டமொன்றில் வெளியிடுவார்கள். என் மகள் அதைத்தான் முதலில் தேடுவாள். 2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த கோடையில் அவளுக்கு எட்டு வயது. லாரித் தண்ணீருக்குத் தன் தாயோடு குடம் பிடித்து நின்றவள். ஆகையால், ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பன அவளுக்கு வெறும் இலக்கங்கள் அல்ல. வரத்து, உபரிநீர், மதகு என்ற சொற்களெல்லாம் பாடப்புத்தகத்தின் உதவியின்றியே அவள் நாவில் படிந்தன. அனுபவத்தைச் செய்தியோடும் செய்தியைச் சொல்லோடும் இவ்வாறு பிணைக்கவல்ல சாதனம் வேறொன்றை நான் அறியேன்.

இனி, குறைகளைச் சொல்ல வேண்டும்.

அவளுடைய தம்பிக்கு இப்போது எட்டு வயது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் அவன் பிறப்பதற்கு முன் நேர்ந்தது. எனினும், ஆண்டுதோறும் அந்த மாதத்தில் வெளியாகும் பழைய படங்களை அவன் பார்த்திருக்கிறான். சென்ற ஐப்பசியில் ஒரு நாள், உபரிநீர் திறக்கப்படக்கூடுமாதலால் குன்றத்தூர், சிறுகளத்தூர், காவனூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை ஆகிய ஊர்களில் கரையோரம் வசிப்போர் எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்ற அறிவிப்பை அவனே வாசித்தான். ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் பிழையின்றி உச்சரித்தானென்று நான் மகிழ்ந்தேன். அன்றிரவு மழை வலுத்தபோது விளக்கைப் போட்டுப் பார்த்தால், அவன் நாற்காலியின் மேல் ஏறி நின்று, தன் புத்தகப் பையைப் பீரோவின் உச்சியில் தள்ளிக்கொண்டிருந்தான். “அப்பா, திருநீர்மலைன்னா நம்ம அத்தை வீடுதானே? அங்க வந்தா இங்கயும் வரும்ல?” என்று கேட்டான். வாசித்த செய்தியில் தன் அத்தை வீட்டுப் பெயர் வந்ததை அவன் பகல் முழுவதும் மனத்தில் சுமந்திருக்கிறான். அதை நான் கவனிக்கவில்லை. “காலங்கார்த்தால புள்ளைங்க காதுல இதெல்லாம் போட வேணாம்னு சொன்னா கேக்குறீங்களா?” என்று என் மனைவி முன்பு பலமுறை சொன்னதன் நியாயம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரண்டாவது குறை இதனினும் கொடியது. அச்சம் குழந்தையை மட்டும் வருத்தும், இதுவோ பிறரையும் புண்படுத்தும். செய்தியை வாசிப்பவர்கள் பிள்ளைகளேயாயினும், தீர்ப்புச் சொல்பவன் தகப்பனாகவே இருந்துவிடுகிறான். ஒரு வெள்ளச் செய்தியை முடித்ததும், ‘ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்டு தண்ணீர் வந்ததென்று அழுதால் யார் என்ன செய்வது?’ என்று நான் அலட்சியமாகச் சொல்லிவிட்டேன். தாழ்வான பகுதியொன்றில் வீடு வெள்ள நீரில் மூழ்கிய வகுப்புத் தோழியிடம் என் மகள் அதே வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாறாமல் திருப்பிச் சொல்ல, அச்சிறுமி அழுதுவிட்டாள். பத்திரம் பதிந்து, வங்கிக் கடன் வாங்கி, இருபது ஆண்டு தவணை கட்டி அந்த வீட்டை வாங்கியவர்கள், அங்கே முன்பு ஏரி இருந்ததென்பதை அறியாதிருந்திருக்கலாம். அறிந்து விற்றவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் வேறு எங்கோ உலர்ந்த தரையில் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஆராயாமல் நான் உதிர்த்த அபிப்பிராயம் ஒரு குழந்தையின் வாயில் கல்லாகிவிட்டது. மகளை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அந்தத் தாய் எங்களுக்குக் காபி கொடுத்தார். சுவரில் நீர் நின்ற கோடு என் மகளின் இடுப்பளவில் தெரிந்தது.

ஆகவே, செய்தியை வாசித்ததோடு நிறுத்தாமல், இயன்றபோது அது நிகழும் இடத்துக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்வது என்ற திருத்தத்தைச் செய்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் முருகன் கோயிலுக்குச் சென்றோம். தரிசனம் முடிந்து மலைமேல் நின்று பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. அடைமழைக் காலத்தில் 24 அடியும் நிரம்பும் வரை காத்திராமல், 22 அடியளவிலேயே சிறுகச் சிறுகத் திறந்துவிட்டு, இனி வரும் மழைக்கு இடம் வைப்பார்கள் என்பதைப் பையனுக்கு அங்கேதான் விளக்கினேன். திரும்பும் வழியில் அடையாற்றை நோக்கி ஓடும் உபரிநீரைப் பாலத்தின் மேலிருந்து காட்டினேன். அத்தையின் வீடு ஆற்றைவிட எவ்வளவு மேட்டில் இருக்கிறதென்பதையும் அன்றே நடந்து பார்த்தோம். ‘திறப்பு’ என்ற சொல்லுக்கு அவன் கொண்டிருந்த பொருள் மாறியது.

அச்சம் முற்றும் நீங்கிற்று என்று சொல்ல மாட்டேன். எல்லாச் செய்திக்கும் இப்படிப் பயணம் போவதும் ஆகிற காரியமன்று. தொலைதூர யுத்தங்களையும் விபத்துகளையும் எந்த மலையிலிருந்து காட்டுவது? அவற்றை அவர்கள் வயது ஏறும் வரை நானே வாசித்து மடித்து வைத்துவிடுகிறேன். இந்த வழக்கத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. கைவிட வேண்டியது தகப்பனின் தீர்ப்பைத்தான். இப்போது எங்கள் வீட்டில் வாசித்து முடிந்ததும் முதலில் பேசுபவன் பையன், அடுத்து மகள்; என் முறை வருவதற்குள் பெரும்பாலும் பள்ளி வேன் வந்துவிடுகிறது.